நடைபாதை நடப்பவர்களுக்கே, சக்கரங்களுக்கும் ஒரு வழி வேண்டும்

2019ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி, சிங்கப்பூரில் மின்ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களின் உலகம் ஒரே இரவில் சுருங்கியது. முதல் நாள்வரை அவர்கள் ஓட்டிச் செல்லக்கூடிய நடைபாதைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 5,500 கிலோமீட்டர். மறுநாள் காலையில் அவர்களுக்கு எஞ்சியது சைக்கிள் பாதைகளும் பூங்கா இணைப்புப் பாதைகளும் சேர்ந்த 440 கிலோமீட்டர் மட்டுமே. சாலையில் ஓட்ட முன்பும் அனுமதி இல்லை, பின்பும் இல்லை.

நான் அப்போது உயர்நிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பையன்கள் சிலர் கொதித்துப்போய் இருந்தார்கள். பிறந்தநாளுக்குக் கிடைத்த ஸ்கூட்டரை இனி வரவேற்பறையிலா ஓட்டுவது என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் பாட்டி வானொலிச் செய்தியைக் கேட்டுவிட்டு “அப்பாடா” என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

அந்தத் தடை சரியானது என்பதே என் கருத்து. அதைத் தளர்த்த வேண்டும் என்று இப்போதும் அவ்வப்போது சிலர் கேட்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஆனால் தடை விதித்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களோடும் என்னால் உடன்பட முடியவில்லை. எங்கே ஓட்டக்கூடாது என்று சொல்லும் விதி, எங்கே ஓட்டலாம் என்பதற்கும் உருப்படியான பதிலை வைத்திருக்க வேண்டும். நம்மிடம் அந்தப் பதில் இன்னும் பாதிதான் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் விதி

அதிகாரபூர்வமாக இவற்றின் பெயர் ‘தனிநபர் நடமாட்டச் சாதனம்’. தமிழ்த் தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். புளோக்கின் கீழே நின்று யாரிடமாவது சொன்னால் திரும்பிப் பார்ப்பார்கள். ஸ்கூட்டர் என்றால் எல்லாருக்கும் புரியும்.

தொடக்கத்தில் சிங்கப்பூர் இவற்றைத் தடுக்க நினைக்கவில்லை. வரவேற்கவே நினைத்தது. வீட்டிலிருந்து எம்ஆர்டி நிலையத்துக்குப் போகும் அந்தக் கடைசிக் கிலோமீட்டருக்கு இதைவிட வசதியான வாகனம் கிடையாது. 2015இல் துடிப்புமிக்க நடமாட்ட ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. நடைபாதையில் மணிக்கு 15 கிலோமீட்டர், பகிர்வுப் பாதையில் 25 கிலோமீட்டர் என்று அது 2016இல் பரிந்துரைத்தது. 2017 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் 2018 மே மாதம் நடப்புக்கு வந்தது. 2019 ஜனவரியில் மின்ஸ்கூட்டர்களைப் பதிவுசெய்வது தொடங்கியது. அடுத்த மாதமே நடைபாதை வேக வரம்பு 15இலிருந்து 10ஆகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் பல நகர மன்றங்கள் புளோக்குகளின் கீழ்த்தளங்களில் ஓட்டுவதைத் தடைசெய்தன. செப்டம்பரில் பிடோக் வட்டாரத்தில் சைக்கிளில் சென்ற ஒரு மூத்த மாது, மின்ஸ்கூட்டருடன் மோதிய விபத்தில் உயிரிழந்தார். அதன் பிறகு இரண்டு மாதங்களுக்குள் நடைபாதைத் தடை வந்துவிட்டது.

இந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று தெரியும். முதல் சில ஆண்டுகளில் வந்த விதிகளின் மையமாக இருந்தது வேகம். வேகத்தில் ஒரு சிக்கல் உண்டு. பத்துக்கும் பதினைந்துக்கும் உள்ள வேறுபாட்டை நடந்துபோகிறவர் எப்படி அறிவார்? பின்னால் வரும் ஸ்கூட்டர் சட்டப்படி வருகிறதா, சட்டத்தை மீறி வருகிறதா என்பது அது கடந்து போன பிறகும் தெரியாது. வேகமானியோடு எல்லாத் திருப்பங்களிலும் அதிகாரிகளை நிறுத்தவும் முடியாது.

இடத்தைப் பற்றிய விதி அப்படியல்ல. இங்கே வரக்கூடாது என்றால் வரக்கூடாது. பார்க்கும் எல்லாருக்கும் அது தெரியும். கண்ணால் பார்த்து உறுதிசெய்யக்கூடிய விதியைத்தான் நடப்பவர்கள் நம்பி நடக்க முடியும். தடையை நான் ஆதரிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் இயற்பியல் பாடத்தில் இருக்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். எதிரே ஒரு குழந்தை ஓடிவருவதைக் கண்டு கை பிரேக்கை அழுத்த ஒரு வினாடி ஆனாலும், அதற்குள் ஸ்கூட்டர் 7 மீட்டர் நகர்ந்திருக்கும். மணிக்கு 10 கிலோமீட்டர் என்றால் 3 மீட்டருக்கும் குறைவு. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப கூடும் என்பதால், 25இல் மோதும்போது வெளிப்படும் ஆற்றல் 10இல் மோதுவதைப்போல ஆறே கால் மடங்கு. அதில் நிற்பவரின் எடையையும் சாதனத்தின் 20 கிலோ வரையிலான எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் நடைபாதைகள் பல இடங்களில் ஒன்றரை மீட்டர் அகலம்தான். சாதனத்தின் அகலம் 70 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். ஒரு ஸ்கூட்டர் வந்தால் பாதையில் பாதி போய்விடும். மீதிப் பாதியில் சக்கர நாற்காலி, குழந்தைத் தள்ளுவண்டி, இரு கையிலும் ஈரச்சந்தைப் பை.

ஒழுங்காக ஓட்டுகிறவனை ஏன் தண்டிக்க வேண்டும் என்று தொடக்கக் கல்லூரியில் பொதுத்தாள் வகுப்பு விவாதத்தில் ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. அவன் மணி அடித்து, வேகத்தைக் குறைத்து, நன்றி சொல்லிப் போகிறவன். ஆனால் பின்னால் வருபவன் அவனா வேறொருவனா என்று நடப்பவருக்குத் தெரியாது. தெரியாதபோது அவர் எல்லா ஸ்கூட்டருக்கும் ஒதுங்குவார். சில மாதங்களுக்குப் பிறகு அந்தப் பக்கமே போகமாட்டார். விபத்துப் புள்ளிவிவரங்களில் இது வராது. வீட்டைவிட்டு இறங்காமல் போன மூத்தோரை யாரும் எண்ணுவதில்லை.

இழந்தவர்கள் யார்?

இதுவரை சொன்னது தடைக்கு ஆதரவான பக்கம். இழப்பு யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும்.

விளையாட்டாக ஓட்டிய என் வகுப்பு நண்பர்கள் இழந்தது ஒரு பொழுதுபோக்கை. அதே ஸ்கூட்டரில் உணவு விநியோகம் செய்தவர்கள் இழந்தது வேலைக்கருவியை. அப்போது மின்ஸ்கூட்டரை நம்பியிருந்த விநியோக ஓட்டுநர்கள் ஏறக்குறைய 7,000 பேர். அறிவிப்பு வந்தது ஒரு திங்கட்கிழமை, நடப்புக்கு வந்தது செவ்வாய்க்கிழமை. ஆண்டு இறுதிவரை பெரும்பாலும் எச்சரிக்கையோடு விடுவார்கள் என்றும், 2020 ஜனவரி முதல் கண்டிப்பு இருக்கும் என்றும் சொல்லப்பட்டது. மீறினால் $2,000 வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டுநர்கள் கூட்டம் கூட்டமாகத் தங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்திக்கப் போனார்கள். அந்த வாரமே $7 மில்லியன் மானியம் அறிவிக்கப்பட்டது; ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு சைக்கிளோ மின்சைக்கிளோ வாங்க ஒருவருக்கு $1,000 வரை உதவி.

எங்கள் புளோக்கில் இருக்கும் ஓர் அண்ணன் அப்படி மாறியவர். தேசிய சேவை முடித்த கையோடு இந்த வேலைக்கு வந்தவர், சாதாரண சைக்கிளை எடுத்தார். “ஸ்கூட்டர்ல ஒரு ராத்திரிக்கு எத்தனை ஆர்டர்னு கணக்கு வச்சிருந்தேன். சைக்கிளுக்கு மாறின முதல் மாசம் அந்தக் கணக்கையே பாக்கல” என்று மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது ஒருமுறை சொன்னார். தடை தவறு என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு அப்போது ஒரு வயதில் மகள். ஸ்கூட்டர்களைக் கண்டால் அவருக்கும் பயம்தான். “ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?” என்பதுதான் அவருடைய கேள்வி. எனக்கும் அதில் பதில் இல்லை. பாதுகாப்புக்காக அவசரம் என்றால் அந்த அவசரம் புரிகிறது. ஆனால் மானியத்தையும் அதே நாளில் அறிவித்திருந்தால் அந்த வாரத்தின் பதற்றத்தில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

ஓர் இடத்தை மூடும்போது வேறு வழியைத் திறக்காவிட்டால், மக்கள் தாங்களாகவே ஒரு கதவைக் கண்டுபிடிப்பார்கள். 2020 ஏப்ரலில் மின்சக்தியால் ஓடும் ஒற்றைச் சக்கர வண்டிகள், ஹோவர்போர்டுகள் ஆகியவற்றுக்கும் நடைபாதைகள் மூடப்பட்டன. பிறகு நடைபாதையில் மோட்டாரோடு ஓட எஞ்சியிருந்தது நடமாட்ட உதவிச் சாதனங்கள் மட்டும்: நடக்கச் சிரமப்படுவோருக்கான மின் சக்கர நாற்காலிகளும் மூன்று, நான்கு சக்கர ஸ்கூட்டர்களும். கொஞ்ச நாளில் நல்ல கால்களோடு இளையர்கள் சிலர் அவற்றில் உட்கார்ந்து போகத் தொடங்கினார்கள். எங்கள் வட்டாரத்தில் ஒருவர் அதை எம்ஆர்டி வாசலில் நிறுத்திவிட்டுப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறியதை நானே பார்த்திருக்கிறேன்.

அதன் விளைவு என்ன தெரியுமா? இந்தச் சாதனங்களின் வேக வரம்பை மணிக்கு 10இலிருந்து 6 கிலோமீட்டராகக் குறைக்கவும், அந்த ஸ்கூட்டர்களைப் பயன்படுத்த மருத்துவத் தேவைக்கான சான்றிதழ் கேட்கவும் ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது. 2024இல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. உண்மையிலேயே முழங்கால் வலியால் அவதிப்படும் ஒருவர் இனி அதைத் தாளில் நிரூபிக்க வேண்டும். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவருடைய இடத்தை எடுத்துக்கொண்ட நம் வயதுக்காரர்கள் செய்ததற்கு அவர் வரிசையில் நிற்கிறார். இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எது எங்கே ஓடலாம்?

விதிகள் இப்போது எப்படி இருக்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்னோடு படிக்கும் பலருக்கே இதில் குழப்பம் இருக்கிறது. மின்ஸ்கூட்டர் சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்பிலும் ஓடலாம். நடைபாதையிலும் சாலையிலும் கூடாது. மின்சைக்கிள் சைக்கிள் பாதையிலும் சாலையிலும் ஓடலாம், விரைவுச்சாலையில் கூடாது, நடைபாதையில் கூடவே கூடாது. சாதாரண சைக்கிள் நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டருக்குள் போகலாம். இரண்டு மின்வாகனங்களுக்கும் 2022 ஜனவரி முதல் கோட்பாட்டுத் தேர்வில் தேர்ச்சி வேண்டும். பொதுவாக 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். மின்ஸ்கூட்டருக்கு யுஎல்2272 பாதுகாப்புச் சான்றிதழும் வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும் சாதனத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு 2025 ஜூலை முதல், சைக்கிள் பாதைக்கு அருகிலேயே பாதசாரிகளுக்கு மட்டும் என்று பிரிக்கப்பட்ட பாதையில் சைக்கிளும் போகக்கூடாது.

படித்துப் பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. தரையில் இறங்கிப் பார்த்தால் அவ்வளவு தெளிவில்லை. தமிழில் நடைபாதை, சைக்கிள் பாதை, பகிர்வுப் பாதை, இணைப்புப் பாதை என்று எல்லாமே பாதைதான். ஆங்கிலத்திலும் அப்படியே. சக்கரத்தின்கீழே இருப்பதும் பல இடங்களில் ஒரே சிமெண்ட்தான்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு நல்ல சைக்கிள் பாதை இருக்கிறது. சிவப்பு நிறம், வெள்ளைக் கோடு, சைக்கிள் படம் எல்லாம் பூசிய பாதை. பெரிய சாலையோரமாக அழகாக வந்து, ஒரு பேருந்து நிறுத்தத்துக்கு முன்னால் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் சாதாரண நடைபாதை. எம்ஆர்டி நிலையத்தின் சைக்கிள் நிறுத்துமிடம் அங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிறது. என் காலடிக் கணக்கில் சுமார் 200 மீட்டர். அதுவரை ஒழுங்காக வந்த மின்ஸ்கூட்டர்காரர் அந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். சிலர் தள்ளுகிறார்கள். பெரும்பாலானவர்கள் தள்ளுவதில்லை. மின்சைக்கிளில் வருபவர் மூன்று தடச் சாலையில் பேருந்துகளுக்கு நடுவே இறங்கலாம். அல்லது சட்டத்தை மீறி நடைபாதையில் போகலாம். மாலை ஆறு மணிக்கு அந்த நிறுத்தத்தில் நின்று பார்த்தால், அத்தனை பேரும் ஒரே இடத்தில் ஒரே விதியை மீறுவது தெரியும். இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று சொல்வது எளிது. பாதை அங்கே முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டாமா?

நடந்துபோகிறவர்களுக்கும் இதனால் இழப்புதான். பாதை எங்கே முடிகிறதோ அங்கேதான் மோதல் தொடங்குகிறது. தடை எழுதப்பட்டது அவர்களைக் காப்பாற்ற. இணைப்பு இல்லாத அந்த 200 மீட்டரில் அது அவர்களைக் காப்பாற்றுவதில்லை.

2030க்குள் சைக்கிள் பாதைகளை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டருக்கு நீட்டிக்கத் திட்டம் இருக்கிறது. 2019இல் இருந்த 440உடன் ஒப்பிட்டால் மூன்று மடங்கு. மகிழ்ச்சியான செய்தி. ஆனால் கிலோமீட்டர் எண்ணிக்கையை மட்டும் வைத்து நாம் திருப்தி அடைந்துவிடக்கூடாது. பத்துக் கிலோமீட்டர் புதிய பாதை பூங்காவைச் சுற்றி வந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு நல்லது. வீட்டுக்கும் நிலையத்துக்கும் நடுவே விட்டுப்போன 200 மீட்டரைப் போட்டால் தினமும் நல்லது. நிலம் குறைந்த ஊரில் அந்த 200 மீட்டர்தான் கடினம் என்பதும் தெரிகிறது. மரமோ வடிகாலோ பேருந்து நிறுத்தமோ குறுக்கே நிற்கும். கடினமானதால்தான் அது கடைசிக்குத் தள்ளிப்போகிறது என்று சந்தேகிக்கிறேன்.

பக்கத்தில் மலேசியாவைப் பார்ப்போம். அங்கே 2022 முதல் மின்ஸ்கூட்டர் போன்ற சிறு வாகனங்களைச் சாலையில் ஓட்டத் தடை இருக்கிறது. விடுமுறைக்கு ஜோகூருக்கோ பினாங்குக்கோ போய் வாடகைக்கு எடுக்கும் நண்பர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். பாரிஸ் இன்னும் சுவாரசியமான கதை. 2023 ஏப்ரலில் வாடகை மின்ஸ்கூட்டர்கள் வேண்டுமா வேண்டாமா என்று அந்த நகரம் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தியது. வாக்களித்தவர்களில் கிட்டத்தட்ட 90 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். செப்டம்பரில் ஸ்கூட்டர்கள் அகற்றப்பட்டன. ஆனால் வாக்களிக்க வந்தவர்கள் தகுதி பெற்றவர்களில் 8 விழுக்காட்டுக்கும் குறைவு.

நாமும் இங்கே பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறோம். விதி வந்த பிறகு இன்ஸ்டகிராமில் கேலிச்சித்திரம் போடுகிறோம். ஆலோசனைக் குழு கருத்துக் கேட்கும்போதும், வட்டாரத்தில் புதிய சைக்கிள் பாதைக்கான வரைபடத்தைக் கீழ்த்தளத்தில் பலகையில் ஒட்டும்போதும் மின்தூக்கிக்கு விரைகிறோம். அந்தப் பலகையின் முன்னால் நின்று படிப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். அவர்கள் நடப்பவர்கள், நடப்பவர்களின் தேவையைச் சொல்கிறார்கள். அதில் தவறில்லை. சக்கரத்தில் போகிறவர்கள் வாயைத் திறக்காவிட்டால் அவர்களுக்கான பாதை எங்கே முடிகிறது என்பதை வேறு யார் சொல்வார்கள்?

நம்மிடம் வசதி இல்லாமலும் இல்லை. ஒன்சர்வீஸ் செயலியில் படம் எடுத்து அனுப்ப ஐந்து நிமிடம் போதும். புவியியல் படிப்பவர்களுக்கும் பொறியியல் படிப்பவர்களுக்கும் இதுவே ஒரு நல்ல செயல்திட்டமாகும். உங்கள் புளோக்கிலிருந்து நிலையம்வரை, பள்ளிவரை, உணவங்காடி நிலையம்வரை சைக்கிள் பாதையிலேயே போய்ச் சேர முடிகிறதா என்று நடந்து பாருங்கள். எங்கெங்கே அறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விநியோக ஓட்டுநர் ஒருவரிடம் கேட்டால் இன்னும் விரைவாக முடியும்; அவருக்கு எல்லா அறுந்த இடங்களும் மனப்பாடம்.

எங்கள் பேருந்து நிறுத்தத்துக்கு அப்பால் உள்ள 200 மீட்டரை நானும் என்னுடன் படிக்கும் ஒரு தோழியும் இந்தப் பருவ விடுமுறையில் அளந்தோம். நடுவில் இரண்டு மரங்கள், ஒரு மின்விளக்குக் கம்பம், மூடாத ஒரு வடிகால். வடிகாலை மூடினால் மட்டும் பாதை ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமாகும். வரைபடத்தோடும் படங்களோடும் எழுதி அனுப்பியிருக்கிறோம். மின்தூக்கி அண்ணனின் கையெழுத்தும் அதில் இருக்கிறது.